குருதி ஓடையில் குமிழிகள்



"நரம்புல காத்து ஏறிச்சுன்னா ஆளு அவ்வளவுதான்!" இந்தப் பேச்சைக் கேட்காமல் லயத்தில் வளர்ந்தவர் எவரும் இருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் பாட்டிக்குத் தண்ணி மருந்து ஏற்றும்போது, குழாயில் ஒரே ஒரு குமிழி நகர்ந்து வருவதைப் பார்த்துவிட்டால் போதும், பக்கத்தில் இருக்கும் உறவினர் "நர்ஸம்மா! நர்ஸம்மா!" என்று ஊரைக் கூட்டிவிடுவார். தாதி வந்து விரலால் குழாயை நாலு தட்டுத் தட்டிக் குமிழியை மேலே அனுப்பிய பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வரும்.

அப்படி இருக்க, டாக்டரே ஓர் ஊசியை எடுத்து, அதில் கோடிக்கணக்கான குமிழிகளை வைத்து, வேண்டுமென்றே நம் நரம்பில் ஏற்றுகிறார் என்றால் நம்புவீர்களா? ஏற்றுகிறார்கள். இதயத்தைப் பார்க்கவும், கல்லீரலைப் பார்க்கவும் உலகின் பல நாடுகளில் இன்று அப்படித்தான் செய்கிறார்கள். அந்தக் குமிழி ஆளைக் கொல்வதில்லை. ஆளுக்குள்ளே இருப்பதைக் காட்டுகிறது. அஞ்சி ஓடிய ஒரு பொருள் எப்படி வைத்தியரின் கையாள் ஆயிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்போகும் வரலாறு.

குமிழி நமக்குப் புதியதன்று. இன்று செம்பனை நிற்கும் இடங்களில் ரப்பர் மரம் நின்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து தொட்டிக்கும் பாலை ஊற்றும்போது நுரை பொங்கும். ஆசிட் கலந்து பாலை உறைய வைப்பதற்கு முன் அந்த நுரையை வழித்து எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் ஷீட்டுக்குள்ளே குமிழி தங்கிவிடும். குமிழி தங்கிய ஷீட்டு தரம் இறங்கும். தரம் இறங்கினால் விலை இறங்கும். ஆகவே பால் கொட்டகையில் வேலை செய்த நம் முன்னோர்க்குக் குமிழி என்றாலே வழித்து எறிய வேண்டிய ஒன்று. தமிழ்ப் புலவர்களும் அதற்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. நிலையில்லாத வாழ்வுக்கு நீர்க்குமிழியைத்தானே உவமை சொன்னார்கள்! 1965இல் வந்த, கே. பாலசந்தர் முதன்முதலில் இயக்கிய, நாகேஷ் நடித்த 'நீர்க்குமிழி' படத்தின் கதையும் ஒரு மருத்துவமனையிலேதான் நடக்கிறது. குமிழியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்தால் கண்ணீர்தான் என்று நம்மவர் எண்ணிவிட்டதில் வியப்பில்லை.

குமிழியின் கதைக்குப் போகுமுன் ஒலியின் கதையைச் சற்றே பார்த்துவிட வேண்டும்.

நம் காதுக்கு எட்டும் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரைதான். அதற்கு மேற்பட்டதைக் 'கேளா ஒலி' என்கிறோம். வௌவால் இருட்டில் கூவி, எதிரொலியைக் கேட்டுப் பறப்பது இந்த ஒலியால்தான். வயிற்றில் குளிர்ச்சியான பசையைத் தடவி, ஒரு சிறு கருவியை வைத்து உருட்டிப் பிள்ளையைப் பார்க்கிறார்களே, அந்த ஸ்கேன் நொடிக்குப் பல பத்து லட்சம் அதிர்வுள்ள கேளா ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. எக்ஸ்ரேயில் உள்ளதுபோல் கதிர் வீச்சு இதில் இல்லை.

இந்தக் கருவி ஆஸ்பத்திரியில் பிறந்ததன்று என்பதுதான் வேடிக்கை. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு அறிஞர் லாஞ்ஜவன் கேளா ஒலியைப் பயன்படுத்த முனைந்தார். பிறகு இரும்புத் தகட்டுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகள் அதை எடுத்துக்கொண்டன. சுவீடன் நாட்டின் லுண்டு நகரில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாரும் கப்பல் பட்டறைக் கருவி ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்துப் பார்த்து, 1953இல் மனித இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். கிளாஸ்கோவில் மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்டு வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் ஒலியால் கண்ட செய்தியை 1958இல் வெளியிட்டார். இரும்பைப் பார்த்த கருவியால் மனிதனைப் பார்த்தார்கள்!

நம்மவர் பெயரும் இந்த ஒலியோடு சேர்ந்துதான் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி.வி. இராமன், நோபல் பரிசு பெற்ற பிறகு பெங்களூருக்குச் சென்று, நாகேந்திர நாத் என்ற இளைஞரோடு சேர்ந்து, திரவத்தில் கேளா ஒலி பாயும்போது அதன் வழியே செல்லும் வெளிச்சம் எப்படிச் சிதறுகிறது என்பதற்கு 1935, 1936ஆம் ஆண்டுகளில் விளக்கம் தந்தார். உலகெங்கும் அதற்கு 'இராமன்-நாத் கொள்கை' என்றே பெயர். அது மருத்துவத்துக்காகச் செய்ததன்று. எனினும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி என்பதால் இங்கே சொல்லி வைத்தேன்.

இனி கதைக்கு வருவோம். ஒலியால் இதயத்தைப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் என்ன தெரிந்தது? இன்று போல் படமா? இல்லை. காகித நாடாவில் நெளிநெளியாய்ச் சில கோடுகள்! மேலும் கீழும் ஏறி இறங்கும் கோடுகள். எந்தக் கோடு இதயத்தின் எந்தச் சுவர் என்று சொல்வதற்குள் மருத்துவருக்கே தலை சுற்றும். அதைவிடப் பெரிய தொல்லை, இரத்தம் தெரியவே தெரியாது. இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களும் அவை மிதக்கும் நீரும் ஒலிக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி. ஒலி அவற்றில் மோதித் திரும்புவது மிகமிகக் கொஞ்சம். ஆகவே இரத்தம் ஓடும் இடமெல்லாம் வெறும் கருமையாகவே தெரிந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இரண்டு மருத்துவர்கள் இந்தக் கோடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரேமண்டு கிராமியக். மற்றவர் இந்திய வழி வந்த இதய மருத்துவர் பிரவீண் ஷா. அந்த நாளில் இதயம் எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்று அளக்க, பச்சை நிறச் சாயம் ஒன்றை மெல்லிய குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்துவது வழக்கம். சாயம் செலுத்திய அந்த நொடியில், கருமையாக இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் தோன்றியது. இரண்டு கோடுகளுக்கு நடுவே மேகம் நிரம்பியது. கொஞ்ச நேரத்தில் கரைந்து போயிற்று.

இப்படி ஒரு மேகத்தைப் பென்சில்வேனியாவில் இருந்த கிளாட் ஜாய்னர் என்ற மருத்துவரும் முன்பே கவனித்திருந்தார். கருவிக் கோளாறு, கறை, தூசு என்று அதை ஒதுக்கித் தள்ள எத்தனையோ காரணங்கள் சொல்லியிருக்கலாம். வேலை மும்முரத்தில் எத்தனை பேர் அப்படித் துடைத்துவிட்டுப் போனார்களோ! கிராமியக்கும் ஷாவும் அந்தக் கறையையே வேலைக்காரனாக்கிக் கொண்டார்கள். சாயத்தைப் பெருந்தமனியின் அடியில் செலுத்தினால் எந்த இரு கோடுகளுக்கு நடுவே மேகம் வருகிறதோ, அந்தக் கோடுகள்தாம் பெருந்தமனியின் சுவர்கள்! ஊகம் போய் உறுதி வந்தது. இதை அவர்கள் 1968இல் எழுதி வெளியிட்டார்கள். குமிழி மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் எல்லாரும் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகிறார்கள்.

மேகம் எதனால் வந்தது? சாயத்தாலா? பச்சைச் சாயம் இல்லாமல் வெறும் உப்பு நீரைச் செலுத்திப் பார்த்தாலும் மேகம் வந்தது. அதே ரோசெஸ்டரில் கார்ஸ்டென்சன் போன்ற ஒலியியல் அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்டது இதுதான்: நீரை வேகமாகச் செலுத்தும்போது குழாயின் முனையில் நுண்ணிய குமிழிகள் பிறக்கின்றன. மேகம் என்பது அந்தக் குமிழிக் கூட்டமே. தாதி விரலால் தட்டி விரட்டுகிறாரே, அதன் பேரப் பிள்ளை!

குமிழி ஏன் ஒலிக்கு இப்படிப் பளிச்சிடுகிறது? நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'லாபு' என்றால் மலாய் மொழியில் சுரை, பூசணி இனக் காய். காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டிப் பாருங்கள்; அதே அளவு மரக்கட்டையையும் தட்டிப் பாருங்கள். கட்டை 'டொக்' என்று நின்றுவிடும். குடுக்கை கணீரென்று பேசும். உள்ளே காற்று இருப்பதுதான் காரணம். காற்று அமுங்கும், விரியும். ஒலி அலை அழுத்தும்போது குமிழி சுருங்குகிறது, விடும்போது உப்புகிறது. இப்படி மூச்சு விடுவதுபோல் துடித்துத் துடித்துத் தானே ஒரு சிறு மணியாகி ஒலிக்கிறது. சிவப்பணுவால் இது முடியாது.

இந்த மணியின் கணக்கை மருத்துவர் போடவில்லை. மின்னார்ட் என்ற டச்சு வானியல் அறிஞர் போட்டார். ஓடை சலசலப்பது ஏன் என்று அவருக்கு ஒரு கேள்வி. நீரில் உள்ள குமிழிகள் பாடுவதால்தான் சலசலப்பு என்று 1933இல் கணக்கோடு காட்டினார். அவர் கணக்குப்படி 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை அதிரும். மாணவர்களே, இப்போது குமிழியை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள்; அதிர்வு ஆயிரம் மடங்கு ஏறும். ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோமீட்டர். ஆக, 3 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை அதிரும். அதுவோ ஆஸ்பத்திரி ஸ்கேன் கருவிகள் வேலை செய்யும் எல்லை! நம் சிவப்பணுவின் குறுக்களவு 7, 8 மைக்ரோமீட்டர். இரத்தக் குழாயில் அணுவோடு அணுவாய்ப் போகக்கூடிய சிறிய குமிழி எதுவோ, அதுவே ஸ்கேன் ஒலிக்குச் சரியாகத் துடிக்கும் குமிழியாகவும் அமைந்துவிட்டது. யாரும் திட்டமிட்டதன்று. ஓடையின் பாட்டைக் கேட்ட ஒருவரின் கணக்கு, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து இதய நோயாளிக்குப் பயன்படுகிறது பாருங்கள்!

ஆனால் கையால் செய்த குமிழிக்கு ஒரு தடை இருந்தது. கை நரம்பில் ஏற்றினால் அது இதயத்தின் வலப் பக்கம் வரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரலின் மயிரிழைக் குழாய்கள் சல்லடை போன்றவை. பெரிய குமிழிகள் அங்கேயே சிக்கி, காற்று மூச்சோடு வெளியேறிவிடும். இதயத்தின் இடப் பக்கத்தை அவை எட்டுவதே இல்லை. இடப் பக்கம்தானே உடம்பெங்கும் இரத்தத்தை இறைக்கும் பக்கம்? அது இருட்டாகவே கிடந்தது.

கெட்டிக்காரர்கள் இந்தத் தடையையே ஒரு சோதனையாக்கினார்கள். வலப் பக்கம் ஏற்றிய குமிழி இடப் பக்கம் தெரியக் கூடாது, தெரிந்துவிட்டால்? இடையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்! தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு சிறு வாசல் திறந்திருக்கும். பிறந்தபின் அது மூடிக்கொள்ள வேண்டும். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது முழுதாக மூடுவதில்லை. பெரும்பாலோர்க்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் சிறு வயதிலேயே காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தவருக்கு இந்த வாசலைத் தேடிப் பார்ப்பார்கள்.

அதற்கு வேண்டிய பொருள் என்ன தெரியுமா? இரண்டு ஊசிக் குழல்கள், நடுவே ஒரு மூவழித் திருகு, 9 மில்லிலிட்டர் உப்பு நீர், 1 மில்லிலிட்டருக்கு மேற்படாத காற்று. இந்தக் குழலிலிருந்து அந்தக் குழலுக்கும், அதிலிருந்து இதற்கும் வேகமாகத் தள்ளித் தள்ளி, நம் கடைக்காரர் டீ ஆற்றுவதுபோல் ஆற்றுவார்கள். நீர் நுரைத்துப் பால்போல் ஆனதும் நரம்பில் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பார்கள். மூன்று நாலு துடிப்புக்குள் இடப் பக்கம் புள்ளிகள் தெரிந்தால் இதயத்திலேயே ஓட்டை. அதற்குப் பிந்தி வந்தால் நுரையீரலில் குறுக்குவழி. சில வெள்ளியில் முடியும் பொருள்களைக் கொண்டு செய்யும் இந்தச் சோதனை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. விலை உயர்ந்த மருந்தெல்லாம் வந்த பிறகும் இது ஓய்வு பெறவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குழாயில் வரும் குமிழியைக் கண்டு பாட்டிக்குக் காவலிருந்தவர் பதறினாரே, அது முழுவதும் மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒன்றிரண்டு சிறு குமிழிகளை நுரையீரல் சல்லடை தடுத்துவிடும். பெரிய அளவில், அதாவது 200, 300 மில்லிலிட்டர் காற்று மொத்தமாக நரம்பில் புகுந்தால் வளர்ந்த ஆளின் உயிருக்கே ஆபத்து. அந்த வாசல் திறந்திருக்கும் ஆளுக்கு அதைவிடக் குறைவும் மூளைக்குப் போய்க் கெடுதல் செய்யலாம். ஆகவே தாதி குழாயைத் தட்டுவது சரியே. அளவுதான் இங்கே பேச்சு.

அப்படியானால் நுரையீரலைத் தாண்டும் அளவுக்குச் சிறிதாகவும், தாண்டும் வரை கரையாமலும் ஒரு குமிழியைச் செய்ய முடியுமா? இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். சிறிய குமிழி செய்வதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சோப்பு நுரையில் பாருங்கள். பெரிய குமிழி நின்று நிலைக்கும், பொடிக் குமிழி சட்டென்று மறையும். குமிழி சிறுக்கச் சிறுக்க அதன் உள் அழுத்தம் ஏறி, காற்று சுற்றியுள்ள நீரில் வேகமாகக் கரைந்துவிடுகிறது. இதன் கணக்கை எப்ஸ்டைன், பிளெஸெட் என்ற இருவர் 1950இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். மைக்ரோமீட்டர் அளவுக் குமிழிக்கு ஆயுள் ஒரு நொடிகூட இல்லை. புலவர்கள் சொன்னது சரிதான்!

குமிழிக்கு ஒரு தோல் வேண்டும் என்பது புரிந்தது. ஸ்டீவன் ஃபைன்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும், மனித இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் என்ற புரதக் கரைசலில் கேளா ஒலியைப் பாய்ச்சினார்கள். புரதம் குமிழியைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்தது. குமிழிகள் சிறியனவாகவும் ஏறத்தாழ ஒரே அளவினவாகவும் அமைந்தன. இது 1984. சுரைக்குடுக்கைக்குத் தோடு கிடைத்துவிட்டது! இதிலிருந்து பிறந்த 'அல்புனெக்ஸ்' என்ற மருந்துக்கு அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் 1994இல் அனுமதி தந்தது. ஜெர்மனியில் ஷெரிங் நிறுவனம் சர்க்கரை வகை ஒன்றின் துகள்களில் குமிழியைத் தாங்க வைத்து வேறு வழியில் சென்றது.

ஆனால் அல்புனெக்ஸின் உள்ளே இருந்தது சாதாரணக் காற்றுதான். நுரையீரலைத் தாண்டினாலும் இடப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. தோலைத் தடிப்பாக்குவதா, உள்ளே இருப்பதை மாற்றுவதா? உள்ளே இருப்பதை மாற்றினார்கள். நீரில் எளிதில் கரையாத கனமான வாயுக்களைத் தேடிப் பிடித்தார்கள். 'ஆப்டிசன்' மருந்திலும் 2001இல் அமெரிக்க அனுமதி பெற்ற 'டெஃபினிட்டி' மருந்திலும் இருப்பது ஃபுளோரின் கலந்த ஒரு வாயு. அதே 2001இல் ஐரோப்பாவில் வந்த 'சோனோவியூ' மருந்தில் இருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பெரிய மின்சார நிலையங்களில் சுவிட்சுகளில் தீப்பொறி பாயாமல் தடுக்க அடைத்து வைப்பார்களே, அந்த வாயுதான். உடம்பில் எதனோடும் சேராது. வந்த வழியே போகாமல் மூச்சு வழியே போகும்.

அளவைப் பாருங்கள். வழக்கமான ஓர் ஊசிக்கு 2 மில்லிலிட்டர் மருந்து. அதில் உள்ள வாயு மொத்தமும் சேர்த்தால் 16 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரின் மூன்றில் ஒரு பங்கு! அந்தத் துளி வாயுவைத்தான் சராசரி 2.5 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள கோடிக்கணக்கான குமிழிகளாக்கி வைத்திருக்கிறார்கள். ஏற்றிய 2 நிமிடத்துக்குள் 80 விழுக்காட்டுக்கு மேல் மூச்சில் வெளியேறிவிடும். கால்மணி நேரத்தில் ஏறத்தாழ முழுவதும். பாட்டியின் குழாயில் வந்த குமிழியே இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

குமிழியைக் காண்பது ஒரு பயன். உடைப்பது இன்னொரு பயன். நம் காட்டு டிரேனில் தெளிந்த தண்ணீர் ஓடுகிறதா, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று தூரத்திலிருந்து எப்படிச் சொல்வீர்கள்? ஓர் இடத்தில் இலை தழைகளை எல்லாம் வழித்து எடுத்துவிட்டு, மறுபடி எவ்வளவு நேரத்தில் அந்த இடம் நிரம்புகிறது என்று பார்க்கலாம் அல்லவா? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் கௌல் என்ற இந்திய வழி மருத்துவரின் குழு இதையே இதயத் தசையில் செய்தது. பலத்த ஒலி ஒன்றைப் பாய்ச்சித் தசையில் உள்ள குமிழிகளை ஒரே வீச்சில் உடைத்துவிட்டு, புதுக் குமிழிகள் வந்து நிரம்பும் வேகத்தை அளந்தார்கள். வேகமாக நிரம்பினால் இரத்தம் நன்றாகப் பாய்கிறது. மெதுவாக நிரம்பினால் எங்கோ அடைப்பு. 1998இல் வந்த அந்த ஆய்வில் ஜயவீர என்ற இலங்கைப் பெயரும் இருக்கிறது. குமிழிகள் சிவப்பணுக்களைப் போலவே ஓடுகின்றனவா, வழியில் சிக்கிக்கொள்கின்றனவா என்று நாலு ஆண்டுகளுக்கு முன்னரே ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். அதை உறுதி செய்யாமல் மேற்கொண்டு எதையும் அளந்திருக்க முடியாது. இப்படி அடித்தளம் போடுகிறவர்கள் பெயர் வெளியே தெரிவது அரிது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 2007 அக்டோபரில் அமெரிக்க மருந்து ஆணையம் இந்த மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையைப் போடச் செய்தது. ஊசி போட்ட சற்று நேரத்தில் சிலர் இறந்ததாக அறிக்கைகள் வந்திருந்தன. இதயம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குப் போடவே கூடாது என்றது ஆணையம். மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். "இறந்தவர்கள் ஏற்கெனவே சாகும் நிலையில் இருந்தவர்கள். மருந்தால் இறந்தார்களா, நோயால் இறந்தார்களா? படம் தெளிவாகத் தெரியாமல் சாகிறவர்களை யார் கணக்கில் எடுப்பது?" என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, குமிழி ஊசி போட்டவர், போடாதவர் என்று இரு பக்கமும் வைத்து ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்கள் கூடுதலாக இறக்கவில்லை. 2008 மே மாதத்தில் ஆணையம் தடையைத் தளர்த்தியது.

ஆணையம் அஞ்சியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து விற்பவர் சொல்லை மட்டும் நம்பி மக்களை விட்டுவிடுவதைவிட, ஒரு முறை நிறுத்திக் கேட்பது மேல். கடுமையான ஒவ்வாமை பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் வரத்தான் செய்கிறது. ஆகவே அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த ஊசியைப் போடுகிறார்கள்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நீரிழிவு, அதாங்க இனிப்பு நீர், நம் இந்தியரிடையே மற்றவரைவிட அதிகம் என்று இந்நாட்டின் உடல்நலக் கணக்கெடுப்புகள் காட்டி வருகின்றன. இனிப்பு நீர் முற்றினால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டவருக்குக் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தால், அது நல்ல கட்டியா புற்றா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குப் போடும் அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. மிகவும் பழுதான சிறுநீரகத்தை அது மேலும் வருத்தக்கூடும் என்று டாக்டர்கள் தயங்குவார்கள். குமிழியோ மூச்சு வழியே போவது. சிறுநீரகத்துக்கு வேலை இல்லை.

கல்லீரலுக்கு இரு வழியில் இரத்தம் வருகிறது. பெரும்பகுதி குடலிலிருந்து வரும் நாளத்தின் வழி; மீதி தமனியின் வழி. கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி இரத்தத்தைத்தான் உறிஞ்சும். ஆகவே குமிழி ஏற்றியதும் தமனி வழியே முதலில் வரும் குமிழிகளால் கட்டி பளிச்சென்று தெரியும். சில நிமிடத்தில் மற்ற இடம் வெளுத்திருக்க, கட்டி மட்டும் கறுத்துப் போகும். இந்த ஏற்ற இறக்கத்தைப் படுக்கைப் பக்கத்திலேயே இருந்து, நொடிக்கு நொடி பார்க்கலாம். அமெரிக்காவில் 2016இல் பெரியவர், குழந்தைகள் இரு சாராருக்கும் கல்லீரல் சோதனைக்கு இம்மருந்து அனுமதி பெற்றது. குழந்தைக்குக் கதிர் வீச்சு இல்லை என்பது பெற்றோர்க்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் எல்லாக் கட்டிக்கும் இதுவே போதும் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு பருத்தவருக்கும், கட்டி ஆழத்தில் இருப்பவருக்கும் ஒலி சரியாக எட்டாது. அப்போது மற்ற ஸ்கேன்தான் வழி.

குமிழியை மருந்து சுமக்கும் வண்டியாக்கவும், மூளைக்கு மருந்து போகாமல் தடுக்கும் வேலியைச் சற்று நேரம் திறந்துவிடவும் முயற்சிகள் நடக்கின்றன. கனடாவின் டொராண்டோ நகரில் 2015இல், மூளைக் கட்டி உள்ள ஒருவருக்கு அறுவை இல்லாமல், குமிழியையும் ஒலியையும் கொண்டே அந்த வேலியைத் திறந்து காட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் முத்துப்பாண்டியன் அசோக்குமார் என்ற நம் தமிழறிஞரும் அவருடைய தோழர்களும் முட்டை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதத்தைக் கொண்டு, கேளா ஒலியாலேயே நிலைத்து நிற்கும் குமிழிகளைச் செய்து 2008இல் வெளியிட்டார்கள். வெள்ளைக்கருவை அடித்து நுரைக்க வைப்பது நம் வீட்டுப் பெண்கள் கேக்குக்குச் செய்கிற வேலைதானே! அடுப்படியில் நடப்பதற்கும் ஆய்வுக்கூடத்தில் நடப்பதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஆகவே, உங்களையோ உங்கள் வீட்டாரையோ குமிழி ஊசி போட்டு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று என்றாவது ஒரு டாக்டர் சொன்னால், "காத்து ஊசியா? ஐயோ வேணாம்!" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் இந்த ஊசி கிடையாது; அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கையில் ஓர் ஊசி குத்தி, வெள்ளையாகப் பால் போன்ற மருந்தைச் சிறிது ஏற்றி, உப்பு நீரால் தள்ளிவிடுவார்கள். சில நிமிடம் திரையைப் பார்ப்பார்கள். பிறகு அரை மணி நேரம் போல் உட்கார வைத்து அனுப்புவார்கள். போகுமுன் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு: முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, அண்மையில் மாரடைப்பு வந்ததா, குடலைக் கழுவக் குடிக்கக் கொடுக்கும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா. அந்தக் குடல் மருந்தில் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் சில குமிழி மருந்துகளிலும் இருக்கிறது. அது ஒவ்வாதவர்களுக்குப் போடக் கூடாது என்று 2021இல் தனியே எச்சரிக்கை வந்தது. தமிழில் சொன்னால் டாக்டருக்குப் புரியாது என்று தயங்கினால், படித்த பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துப் போங்கள். இதைப் படித்த பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.